வீட்டுக்காகப் பிள்ளை பெறுகிறார்களா?

(நம் சங்கத்தின் மகளிர் பிரிவு நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



சென்ற மாதம் நம் படிப்பகத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தபோது எழுந்த ஒரு விவாதம்தான் இன்றைய பேச்சுக்குக் காரணம். இங்கிலாந்தில் பதினைந்து பதினாறு வயதுப் பெண்கள் கல்யாணம் ஆகாமலே பிள்ளை பெறுகிறார்கள், அவர்களுக்கு அரசாங்கம் வீடும் கொடுத்துப் பணமும் கொடுக்கிறது என்று பேச்சு வந்தது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார்: “சும்மா கொடுத்தால் இப்படித்தான் ஆகும். கொடுப்பதை நிறுத்திப் பாருங்கள், தானாகத் திருந்துவார்கள்.” பலரும் தலையசைத்தோம். அப்போது பின்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கேட்டார்: “அதெல்லாம் இருக்கட்டும் ஐயா. பிள்ளை பெத்த பிறகு அந்தப் பொண்ணு மறுபடி பள்ளிக்கூடம் போச்சா?”

யாருக்கும் பதில் தெரியவில்லை. பெரியவர் சொன்னது ஒரு தீர்ப்பு. அந்த அம்மா கேட்டது ஒரு கேள்வி. தீர்ப்பு சரியா என்று பார்க்கவும், கேள்விக்குப் பதில் தேடவும் நாங்கள் சிலர் உட்கார்ந்து படித்தோம். படித்ததை உங்கள் முன் வைக்கிறோம்.

சீமையில் நடப்பதைப் பற்றி இங்கே நமக்கென்ன கவலை என்று சிலர் கேட்கலாம். பிழைக்க வந்த ஊரில் நம்மைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதை நாம் மறந்துவிடவில்லை. “ரேஷனுக்காக வந்தவர்கள், குடிசைக்குப் பட்டா வாங்க வந்தவர்கள்” என்று பேசுகிறார்கள். உழைக்க வந்தவனைச் சலுகைக்கு வந்தவன் என்று சொல்லும் அதே நாக்குதான், தனியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பெண்ணையும் வீட்டுக்காகப் பிள்ளை பெற்றவள் என்று சொல்கிறது. அந்த நாக்கின் வேலையைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் கதை நமக்கு உதவும்.

முதலில் கணக்கு

எத்தனை பேர் இப்படிப் பிள்ளை பெறுகிறார்கள்? 2013ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரு கருத்துக் கணிப்பு நடந்தது. அரச புள்ளியியல் கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் இப்சாஸ் மோரி நிறுவனத்தைக் கொண்டு நடத்திய கணிப்பு அது. 16 வயதுக்குக் குறைந்த பெண்களில் ஆண்டுக்கு எத்தனை பேர் கருவுறுகிறார்கள் என்று மக்களைக் கேட்டார்கள். மக்கள் சொன்ன பதிலின் சராசரி 100க்கு 15 பேர். அரசாங்கக் கணக்கோ 1000க்கு 6 பேர். உண்மையை 25 மடங்கு பெருக்கி நினைத்துக்கொண்டிருந்தார்கள், அந்த நாட்டிலேயே வாழ்கிறவர்கள்! அப்படியிருக்க, கடல் கடந்து உட்கார்ந்து பத்திரிகைத் தலைப்பை மட்டும் படிக்கும் நாம் தவறாக நினைத்ததில் வியப்பில்லை.

ஆகவே தெருவுக்குத் தெரு இது நடக்கிறது என்பது பொய். ஆனால் பிரச்சினையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1990களின் இறுதியில் மேற்கு ஐரோப்பாவிலேயே பதின்வயதுத் தாய்மார் மிக அதிகமாக இருந்த நாடு பிரிட்டன்தான். ஜெர்மனியைப் போல் இரண்டு மடங்கு, பிரான்சைப் போல் மூன்று மடங்கு, நெதர்லாந்தைப் போல் ஆறு மடங்கு. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

ஊர் எல்லைக்கு வெளியே தள்ளு

“கொடுத்தால் கெடுவார்கள்” என்ற வாதத்துக்குப் பல நூறு வயது. 1601ஆம் ஆண்டு எலிசபெத் ராணி காலத்து ஏழைச் சட்டம், ஒவ்வொரு ஊரும் தன் ஏழைகளைத் தானே காக்க வேண்டும் என்றது. 1662இல் குடியமர்வுச் சட்டம் வந்தது. ஒருவருக்கு உதவி வேண்டுமானால் அவர் எந்த ஊருக்கு உரியவர் என்று பார்ப்பார்கள். வேற்றூரிலிருந்து வந்த ஏழையை அவனுடைய ஊருக்கே திருப்பி அனுப்பலாம். நம்மில் யாருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை! கையில் வேறு மாநிலத்து ரேஷன் அட்டையை வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றவர்கள் நாம்.

இதில் இன்னொரு கொடுமையும் இருந்தது. மணமாகாத தாய்க்குப் பிறக்கும் குழந்தை எந்த ஊரில் பிறக்கிறதோ அந்த ஊருக்கு உரியது என்பது விதி. பிறந்துவிட்டால் அந்தக் குழந்தைக்குச் சோறு போட வேண்டியது அந்த ஊர். என்ன செய்தார்கள் தெரியுமா? நிறைமாதப் பெண்ணைப் பிரசவ வலிக்கு முன்னால் ஊர் எல்லைக்கு அப்பால் துரத்தினார்கள். குழந்தை அடுத்த ஊர் மண்ணில் விழட்டும், செலவு அவர்கள் தலையில் விழட்டும்! வரிப்பணத்தில் சில ஷில்லிங் மிச்சம் பிடிக்க ஒரு பெண்ணைச் சாலையில் பிள்ளை பெறவைத்த காலம் அது.

1741இல் லண்டனில் தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் முயன்று அமைத்த அநாதைக் குழந்தைகள் இல்லம் கதவைத் திறந்தது. வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் குழந்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். என்றாவது ஒருநாள் திரும்ப வந்து அடையாளம் காட்டிக் கேட்பதற்காகத் துணித்துண்டையோ, பொத்தானையோ, நாணயத்தையோ குழந்தையோடு விட்டுச் சென்றார்கள். அந்த அடையாளங்கள் இன்றும் காட்சியகத்தில் இருக்கின்றன. திரும்ப வந்து குழந்தையை மீட்டவர்கள் மிகச் சிலரே. பிள்ளையைத் தூக்கி எறிந்தவர்களா அவர்கள்? எறிகிறவள் அடையாளம் வைப்பாளா?

1834இல் புதிய ஏழைச் சட்டம் வந்தது. அதை வகுத்த கனவான்களின் வாதத்தைக் கேளுங்கள்: மணமாகாத தாய்க்கு உதவி கிடைப்பதால்தான் ஒழுக்கம் கெடுகிறது, பெண் பயந்து நடக்க வேண்டுமானால் பொறுப்பு முழுவதையும் அவள் மேலேயே போட வேண்டும். அப்படியே சட்டம் செய்தார்கள். தகப்பன் தப்பித்தான். தாய்க்கு வேலை விடுதி. வொர்க்ஹவுஸ் என்று சொல்வார்களே, சிறையைப் போன்ற அந்த ஏழைகள் விடுதிதான். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பத்தே ஆண்டில், 1844இல், தாய் நீதிமன்றம் போய்த் தகப்பனிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று சட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று. நம் பெரியவர் சொன்ன வைத்தியத்தை இங்கிலாந்து ஏற்கனவே செய்து பார்த்துவிட்டது, தோழர்களே! நோய் தீரவில்லை. நோயாளிதான் செத்தாள்.

தாயின் கையில் காசு

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942இல், பெவரிட்ஜ் அறிக்கை வெளிவந்தது. வறுமை, நோய், அறியாமை, அசுத்தம், வேலையின்மை என்ற ஐந்து பூதங்களை ஒழிக்க வேண்டும் என்று சொன்ன அறிக்கை. போர் முடிந்ததும் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1948இல் பழைய ஏழைச் சட்டம் புதைக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூலை 5ஆம் நாள் இலவச தேசிய மருத்துவ சேவை தொடங்கியது.

தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டிய பெயர் எலினார் ராத்போன். பிள்ளைகளுக்கான படியைத் தகப்பன் கையில் கொடுப்பதா, தாய் கையில் கொடுப்பதா என்று 1945இல் பெரிய சண்டை நடந்தது. முதலில் அரசாங்கம் தகப்பன் பெயரில்தான் எழுதியிருந்தது. ராத்போன் அம்மையாரும் பெண்கள் அமைப்புகளும் போராடித் தாயின் கைக்கு மாற்றினார்கள். இரண்டாவது குழந்தை முதல் வாரத்துக்கு 5 ஷில்லிங். சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் காத்து நின்றிருக்கும் எந்தப் பெண்ணுக்கும் இந்தச் சண்டையின் அருமை தெரியும். 1946 ஆகஸ்டில் முதல் தவணை கொடுத்தபோது அம்மையார் உயிரோடு இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் காலமாகிவிட்டார்.

ஆனால் அந்த மக்கள்நல அரசும் ஒருத்தியை மறந்துவிட்டது. பெவரிட்ஜ் திட்டம் சம்பாதிக்கும் கணவன், வீட்டிலிருக்கும் மனைவி என்ற குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கணவனில்லாத இளந்தாய்க்கு அதில் தனி இடம் இல்லை. அவளுக்குச் சொத்து, வருமானம் எல்லாம் சோதித்துக் கொடுக்கும் உதவிதான்.

அவளுடைய குழந்தைக்கு என்ன ஆயிற்று? குடும்பத்தார் மானத்துக்குப் பயந்து அவளைத் தாய்-சேய் இல்லங்களுக்கு அனுப்பினார்கள். மதச் சபைகளும் தரும ஸ்தாபனங்களும் நடத்திய இல்லங்கள். பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பு போனாள், பிறகு ஆறு வாரம் பால் கொடுத்தாள், பிறகு குழந்தையை வாங்கித் தத்துக் கொடுத்துவிட்டார்கள். 1949 முதல் 1976 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் மணமாகாத தாய்மாரிடமிருந்து சுமார் 1,85,000 குழந்தைகள் இப்படிப் பிரிக்கப்பட்டன என்று 2022இல் நாடாளுமன்றத்தின் மனித உரிமைக் கூட்டுக்குழு அறிக்கை கொடுத்தது. எழுபது, எண்பது வயதுப் பாட்டிமார்கள் குழு முன்னால் சாட்சி சொன்னார்கள். “நாங்கள் கொடுக்கவில்லை, வாங்கிக்கொண்டார்கள்” என்பதுதான் அவர்கள் சாட்சியின் சாரம். 2023இல் ஸ்காட்லாந்து அரசும் வேல்ஸ் அரசும் மன்னிப்புக் கேட்டன.

இளந்தாய்க்கு உதவி இல்லாத காலம் ஒழுக்கமான காலம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்திலும் பிள்ளை பிறந்தது. ஊர் கண்ணில் படாமல் மறைத்தார்கள், அவ்வளவுதான்.

பழி சுமத்திய காலம்

1967இல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. 1974 முதல் கருத்தடை மருத்துவ சேவையில் எல்லோருக்கும் இலவசமானது. 1977இல் வந்த சட்டம், வீடில்லாதவர்களில் பிள்ளையுள்ள குடும்பத்துக்கும் கர்ப்பிணிக்கும் உள்ளாட்சி முதலில் இடம் தர வேண்டும் என்றது. நிறைமாதப் பெண்ணை எல்லைக்கு வெளியே துரத்திய அதே நாட்டில் அவளை உள்ளே கூப்பிட்டு வை என்று சட்டம் சொல்வதற்கு முந்நூறு ஆண்டுகள் ஆயின.

ஒரு செய்தி உங்களுக்கு வியப்பாக இருக்கும். இங்கிலாந்திலும் வேல்சிலும் பதின்வயதுப் பெண்கள் அதிகமாகப் பிள்ளை பெற்ற ஆண்டு 1971. 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 1000க்கு சுமார் 50 பேர். அதற்குப் பிறகு குறையத்தான் செய்தது. ஆனால் 1971இல் யாரும் நாடு கெட்டுவிட்டதென்று அலறவில்லை. ஏன்? அந்தத் தாய்மாரில் பெரும்பாலோர் கல்யாணம் ஆனவர்கள். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் அவசரக் கல்யாணம் நடந்தது. அப்படி நடக்க முடிந்ததற்குக் காரணம், பதினெட்டு வயதுப் பையனுக்குச் சுரங்கத்திலோ இரும்பாலையிலோ கப்பல் பட்டறையிலோ சம்பளம் கிடைத்தது.

பிறகு அந்த ஆலைகள் மூடப்பட்டன. 1980இல் கான்செட் இரும்பாலை மூடப்பட்டது. 1984-85இல் சுரங்கத் தொழிலாளர் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து தோற்ற பிறகு, நிலக்கரிச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பையனுக்கு வேலையில்லை, வேலையில்லாதவனைக் கட்டிக்கொண்டு பெண்ணுக்கு என்ன பயன்? கல்யாணம் மறைந்தது, குழந்தை நின்றது. ஆலை மூடிய கதையைச் சொல்ல வேண்டிய இடத்தில், பெண் கெட்ட கதையைச் சொன்னார்கள்.

1988இல் கன்சர்வேடிவ் ஆட்சி 16, 17 வயதினருக்குப் பொதுவாகக் கிடைத்துவந்த உதவித்தொகை உரிமையை எடுத்துவிட்டது. 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் குறைந்த தொகை என்றது. 1992 அக்டோபரில் பிரைட்டன் நகரில் அந்தக் கட்சியின் மாநாடு. சமூகப் பாதுகாப்பு அமைச்சர் பீட்டர் லில்லி மேடையேறி, பழைய இசை நாடகப் பாட்டு ஒன்றின் மெட்டில், ஒழிக்க வேண்டியவர்களின் பட்டியலைப் பாடிக் காட்டினார். வீட்டு வரிசையில் முந்துவதற்காகக் கர்ப்பமாகும் இளம்பெண்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். மண்டபம் கைதட்டியது. அடுத்த ஆண்டு அமைச்சர் ஜான் ரெட்வுட் கார்டிப் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றுக்குப் போய்வந்து, தனித் தாய்மாருக்கு உதவி கொடுக்குமுன் தகப்பனைத் தேடிப்பிடிக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார்.

தகப்பனைத் தேடுவது நியாயம்தானே என்று கேட்பீர்கள். நியாயம்தான். 1993இல் அதற்கென்றே ஒரு நிறுவனமும் தொடங்கினார்கள். ஆனால் தகப்பனிடம் வசூலித்த பணத்தை என்ன செய்தார்கள்? உதவித்தொகை வாங்கும் தாயாக இருந்தால், வசூலான ஒவ்வொரு பவுனுக்கும் அவள் உதவியில் ஒரு பவுன் வெட்டினார்கள். தகப்பன் கொடுத்தது குழந்தையின் பாலுக்குப் போகவில்லை, கஜானாவுக்குப் போயிற்று. நோக்கம் குழந்தையா, கஜானாவா என்று நீங்களே சொல்லுங்கள்.

தொழிற்கட்சியையும் விட்டுவிட முடியாது. 1997இல் ஆட்சிக்கு வந்த கையோடு, அந்த டிசம்பரிலேயே, தனித் தாய்மாருக்கான கூடுதல் படியை வெட்டும் மசோதாவைக் கொண்டுவந்தது. 47 தொழிற்கட்சி உறுப்பினர்கள் சொந்த அரசையே எதிர்த்து வாக்களித்தார்கள். கொடி நிறம் மாறினாலும் ஏழைத் தாயின் தட்டில் கைவைக்கும் ஆசை மாறுவதில்லை என்பதற்கு இது சாட்சி. எதிர்த்து நிற்க மனிதர்கள் இருந்தார்கள் என்பதற்கும் இதுவே சாட்சி.

காசுதான் காரணமா?

இப்போது முதலில் சொன்ன கணக்குக்கு வருவோம். உதவித்தொகை கொடுப்பதால்தான் பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள் என்றால், அதிகம் கொடுக்கும் நாட்டில் அதிகம் பிறக்க வேண்டும், குறைவாகக் கொடுக்கும் நாட்டில் குறைவாகப் பிறக்க வேண்டும். நடப்பது தலைகீழ். நெதர்லாந்தும் ஸ்வீடனும் டென்மார்க்கும் தாய்க்கும் சேய்க்கும் தாராளமாகச் செய்யும் நாடுகள். அங்கே பதின்வயதுத் தாய்மார் மிகக் குறைவு. அமெரிக்கா கைமூடிய நாடு. 1990களில் அங்கே இந்த விகிதம் பிரிட்டனைவிட அதிகம். கையைத் திறந்தவன் வீட்டில் குறைவு, கையை மூடியவன் வீட்டில் அதிகம் என்றால் குற்றம் கொடுப்பதில் இல்லை.

அப்படியானால் எதில்? 1999 ஜூனில் பிரிட்டிஷ் அரசின் சமூகப் புறக்கணிப்பு ஆய்வுப் பிரிவு அறிக்கை ஒன்று வெளியிட்டது. திறமையில்லாக் கூலித் தொழிலாளியின் மகள் பதின்வயதில் தாயாகும் வாய்ப்பு, டாக்டர், வக்கீல் போன்றவர்களின் மகளைவிட ஏறக்குறைய பத்து மடங்கு என்று அது சொன்னது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசு இல்லங்களில் வளர்ந்த பெண்களிடையே இது இன்னும் அதிகம். பணக்காரப் பகுதியில் ஒரு பெண் கருவுற்றால் கலைத்துவிட்டுப் படிப்பைத் தொடர்வது அதிகம். ஏழைப் பகுதியில் பிள்ளையைப் பெற்றுக்கொள்வது அதிகம்.

அந்த அறிக்கை மூன்று காரணங்கள் சொன்னது. ஒன்று, எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கையின்மை. படித்தும் வேலை கிடைக்காது என்று கண்ணால் பார்க்கும் பெண்ணுக்கு, காத்திருப்பதால் என்ன இலாபம்? இரண்டு, அறியாமை. உடம்பைப் பற்றியும் கருத்தடையைப் பற்றியும் யாரும் நேராகச் சொல்லித் தருவதில்லை. மூன்று, இரட்டைப் பேச்சு. சினிமாவும் விளம்பரமும் ஆசையைக் கொட்டுகின்றன, பெற்றோரும் பள்ளியும் வாயே திறப்பதில்லை.

இந்த மூன்றாவதைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. 16 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்குப் பெற்றோருக்குத் தெரியாமல் டாக்டர் கருத்தடை ஆலோசனை தரலாமா என்று விக்டோரியா கில்லிக் என்ற தாய் வழக்குப் போட்டார். 1985இல் பிரபுக்கள் சபை, விஷயத்தைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி அந்தப் பெண்ணுக்கு இருந்தால் தரலாம் என்று தீர்ப்பளித்தது. பெற்ற தாயின் அச்சத்தை நாங்கள் கேலி செய்ய மாட்டோம். நமக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் வீட்டில் வாய்திறக்கப் பயப்படும் பெண்ணுக்கு வேறு ஒரு கதவாவது திறந்திருக்க வேண்டாமா? அதோடு இன்னொன்று: அங்கே சம்மத வயது 16. அதற்குக் குறைந்தவளைக் கர்ப்பமாக்கியவன் குற்றவாளி. பேச்சு முழுவதும் பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றியே நடக்கிறது, அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை வருகிறதா என்று பத்திரிகையை எடுத்துப் பாருங்கள்.

பழி சொல்லாமல் செய்த வேலை

அந்த 1999 அறிக்கைக்குப் பிறகு ஒரு பத்தாண்டுத் திட்டம் போட்டார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் கருவுறும் விகிதத்தை 2010க்குள் பாதியாக்குவது இலக்கு. பகுதிக்குப் பகுதி ஒருங்கிணைப்பாளர் வைத்தார்கள். பள்ளியில் பாலியல் கல்வி, இளைஞர்கள் கூச்சமின்றிப் போகக்கூடிய மருத்துவ நிலையங்கள், இளந்தாய்மாருக்குத் துணை. ஏழைப் பகுதிகளில் ‘ஷூர் ஸ்டார்ட்’ என்ற தாய்-சேய் மையங்களைத் திறந்தார்கள். 2010 வாக்கில் அவை சுமார் 3,600.

பலன் என்ன? 1998இல் இங்கிலாந்தில் 15 முதல் 17 வயதுப் பெண்களில் 1000க்கு சுமார் 47 பேர் கருவுற்றார்கள். 2010இல் இலக்கு எட்டவில்லை, கால் பங்குதான் குறைந்திருந்தது. திட்டம் தோற்றது என்றார்கள். ஆனால் விதைத்தது பின்னால் முளைத்தது. 2014இல் பாதியாகிவிட்டது. 2016இல் 1000க்கு 18.8. 2020இல் 13. மற்ற நாடுகளிலும், அமெரிக்காவிலும்கூட, இந்த ஆண்டுகளில் விகிதம் குறைந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாப் பெருமையும் ஒரு திட்டத்துக்குச் சேராது. ஆனாலும் 2016இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு, திட்டப் பணம் அதிகம் போன பகுதிகளில் விகிதம் அதிகம் குறைந்தது என்று கண்டது. ஏழைப் பகுதிகளில்தான் அந்தப் பலன் கூடுதலாக இருந்தது.

இப்போது அந்த அம்மாவின் கேள்வி. பிள்ளை பெற்ற பெண் பள்ளிக்கூடம் போனாளா? முன்காலத்தில் பெரும்பாலும் போகவில்லை. வயிறு தெரிந்ததும் வாசலுக்கு வெளியே அனுப்பினார்கள். 1999 திட்டத்தின் இன்னொரு இலக்கு, பதின்வயதுத் தாய்மாரில் 100க்கு 60 பேரைப் படிப்பிலோ பயிற்சியிலோ வேலையிலோ சேர்ப்பது. அதற்காக, 20 வயதுக்குள் படிப்பைத் தொடங்கும் தாய் வகுப்புக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவை அரசு கொடுக்கும் ஏற்பாடு வந்தது. ‘கேர் டு லேர்ன்’ என்று பெயர். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், கர்ப்பம், பிள்ளைப்பேறு காரணமாகப் பள்ளி ஒரு மாணவியை ஒதுக்கக் கூடாது என்றது. ஆகவே அம்மா, உங்களுக்கு எங்கள் பதில் இது: குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்த இடத்தில் அவள் போனாள். கை இல்லாத இடத்தில் போகவில்லை.

இன்றும் தீராத கணக்கு

2010க்குப் பிறகு சிக்கனம் என்ற பெயரில் வெட்டு விழுந்தது. ஷூர் ஸ்டார்ட் மையங்கள் பல மூடப்பட்டன. ஏழை மாணவர்களுக்கு வாரம் 30 பவுன் வரை கொடுத்துவந்த படிப்புப் படியை இங்கிலாந்தில் நிறுத்தினார்கள். 2013 முதல் வந்த ‘யுனிவர்சல் கிரெடிட்’ முறையில் இளந்தாய்க்கு ஒரு புதிய அடி. முன்பு 18 வயது நிரம்பிய தனித் தாய்க்குப் பெரியவர்களுக்கு உரிய முழுத் தொகை கிடைத்தது. புதிய முறையில் 25 வயது ஆகும்வரை குறைந்த தொகைதான். 2024-25ஆம் ஆண்டில் 25 வயதானவருக்கு மாதம் 393.45 பவுன், அதற்குக் குறைந்தவருக்கு 311.68 பவுன். குழந்தைக்கான தொகை தனி, அதில் வித்தியாசமில்லை. ஆனால் இருபது வயதுத் தாய்க்குக் கடைக்காரன் ரொட்டியைக் குறைந்த விலைக்கா கொடுக்கிறான்?

2017 ஏப்ரலில், மூன்றாவது குழந்தைக்கு உதவி இல்லை என்ற விதியும் வந்தது. குழந்தை வறுமையைப் பெருக்கிய விதி என்று பல ஆண்டுகள் எதிர்ப்பு நடந்த பிறகு, 2026 ஏப்ரல் முதல் அதை நீக்குவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மூன்றாவதாகப் பிறந்த குழந்தை என்ன குற்றம் செய்தது என்று கேட்டுக் கேட்டுத்தான் அந்த அறிவிப்பு வந்தது.

இன்றைக்கும் இங்கிலாந்தில் பதின்வயதுக் கர்ப்பம் அதிகமுள்ள பகுதி வடகிழக்கு. பழைய இரும்பும் நிலக்கரியும் கப்பலும் இருந்த பூமி. ஆலை மூடிய ஊரின் படத்தையும் இளந்தாய்மார் வாழும் ஊரின் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பெரும்பாலும் பொருந்தும். இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

பெரியோர்களே! வயதுக்கு முந்திய தாய்மை நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. பதினாறு வயதுப் பெண் புத்தகத்தைத் தூக்க வேண்டும், பிள்ளையைத் தூக்கக் கூடாது என்பதில் நமக்குள் வேறுபாடில்லை. வேறுபாடு வழியில்தான். வயிற்றில் அடித்தால் திருந்துவார்கள் என்பது 1834இன் வழி. அறிவையும் நம்பிக்கையையும் முன்னால் கொடுத்து, தவறி விழுந்தால் கைதூக்கிவிடுவது இன்னொரு வழி. முதல் வழியில் போன காலமெல்லாம் குழந்தைகள் துணித்துண்டோடு வாசலில் விடப்பட்டன, தாயின் மடியிலிருந்து பிடுங்கப்பட்டன. இரண்டாம் வழியில் நடந்த இருபது ஆண்டுகளில் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது.

நம் மூத்த உறுப்பினர் இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் ஒரு வேண்டுகோள். நாளை யாராவது “இவர்கள் ரேஷனுக்காக வந்தவர்கள்” என்று நம்மைப் பார்த்துச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், வர வேண்டும். அந்தக் கோபத்தில் ஒரு பங்கை, “வீட்டுக்காகப் பிள்ளை பெற்றவள்” என்று ஒரு பெண்ணைச் சொல்லும்போதும் எடுத்து வையுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் “வாயை மூடு” என்று சொல்வதை இன்றோடு விடுவோம். அவர்கள் நம்மிடம் கேட்காவிட்டால் தெரியாதவனிடம் கேட்பார்கள். ஆண் பிள்ளைகளிடமும் பேசுவோம், பொறுப்பு இருவருக்கும் உரியது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் மாலைப் பள்ளியில், கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும், கையில் குழந்தையோடு ஒரு பெண் படிக்க வந்தால் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாது என்று இந்தக் கூட்டம் தீர்மானம் போட வேண்டும். படிக்கும் நேரத்துக்குக் குழந்தையைப் பிடித்துக்கொள்ள மகளிர் பிரிவில் ஒருவர் இருப்போம். அதற்குக் கஜானா தேவையில்லை, ஒரு பாயும் ஒரு தொட்டிலும் போதும்.